ஆண்டுக்கொரு கன்று: சினை நிற்கும் மாடும் பண்ணை வருமானமும்

சந்தையில் மாடு பிடிக்கப் போகிறவர் முதலில் கேட்பது, "நேரத்துக்கு எத்தனை லிட்டர் கறக்கும்?" என்றுதான். அடுத்த கேள்வி, "எத்தனையாவது ஈத்து?" மடியைத் தடவிப் பார்ப்பார், காம்பைப் பீய்ச்சிப் பார்ப்பார், பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழியும் பார்ப்பார். போன கன்றுக்கும் இந்தக் கன்றுக்கும் எத்தனை மாதம் இடைவெளி, எத்தனையாவது ஊசியில் (செயற்கைக் கருவூட்டலில்) சினை நின்றது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. பண்ணையில் பணம் தங்குமா கரையுமா என்பது பெரும்பாலும் யாரும் கேட்காத அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்காக வைத்தவை. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே மாற்றிக்கொள்ளலாம். இரண்டு கலப்பின மாடுகள். இரண்டுமே கன்று ஈன்ற பிறகு 305 நாளில் 3,000 லிட்டர் தருபவை. முதல் மாடு ஆண்டுக்கொரு கன்று ஈனுகிறது: 305 நாள் கறவை, 60 நாள் வற்று. இரண்டாவது மாட்டுக்கு ஊசி மேல் ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. கன்றுக்கும் கன்றுக்கும் 18 மாதம் ஆகிறது. அதைக் கூடுதலாக 65 நாள் கறக்கிறோம், நாளுக்கு 5 லிட்டர் வீதம். அப்போது ஓர் ஈத்துக்கு 3,325 லிட்டர் வரும். ஈத்துக் கணக்கை மட்டும் பார்த்தால் இரண்டாவது மாடுதான் அதிகப் பால் தருவது போலத் தெரியும்.

ஆறு ஆண்டுக்குக் கூட்டிப் பாருங்கள். முதல் மாடு ஆறு ஈத்தில் 18,000 லிட்டர். இரண்டாவது மாடு நான்கே ஈத்தில் 13,300 லிட்டர். வித்தியாசம் 4,700 லிட்டர். லிட்டர் 35 ரூபாய் என்றால் 1,64,500 ரூபாய். முதல் மாடு கூடுதலாக 350 நாள் கறவையில் இருப்பதால் அடர்தீவனம் கூடுதலாகத் தின்னும். நாளுக்கு 150 ரூபாய் என்று வைத்தாலும் 52,500 ரூபாய்தான். அதைக் கழித்த பிறகும் ஒரு லட்சத்துக்கு மேல் வித்தியாசம் நிற்கிறது. இரண்டு கன்று குறைந்ததும், வீணாய்ப் போன ஊசிச் செலவும், மருத்துவச் செலவும் இந்தக் கணக்கில் சேரவில்லை. ஒரே ஒரு மாட்டுக்கு இவ்வளவு. ஐந்து மாடு கட்டியிருப்பவர் ஏன் கடனிலேயே இருக்கிறார் என்பதற்குப் பல கொட்டகைகளில் விடை இங்கேதான் இருக்கிறது.

அந்த இடைவெளி எப்படி நீள்கிறது?

பசுவின் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். ஆண்டுக்கொரு கன்று வேண்டுமென்றால், ஈன்ற 85 நாளுக்குள் மறுபடி சினை பிடித்தாக வேண்டும். கருப்பை சுருங்கிப் பழைய நிலைக்கு வர ஒன்றரை, இரண்டு மாதம் விட வேண்டும். மீதியிருப்பது ஒரு மாத அவகாசம். பருவச் சுழற்சி 21 நாளுக்கு ஒருமுறை என்பதால், அந்த அவகாசத்தில் ஒரு பருவமோ மிஞ்சிப்போனால் இரண்டோ வரும். ஒன்றைத் தவறவிட்டால் மூன்று வாரம் போச்சு. ஊசி போட்டும் நிற்காவிட்டால் இன்னொரு மூன்று வாரம்.

பருவம் என்பதும் ஒரு நாள் முழுக்க நீடிப்பதில்லை. 12 முதல் 18 மணி நேரம்தான். அதிலும் பாதி இரவிலேயே கழிந்துவிடும். விடிகாலையில் கொட்டகைக்குப் போனால் மாடு தீவனம் எடுக்காமல் கத்திக்கொண்டிருக்கும், அடிக்கடி சிறுநீர் விடும், பால் சற்றுக் குறையும், பின்புறம் கண்ணாடிச் சரடு போலத் தெளிவான கோழை தொங்கும், வாலில் ஒட்டிக் காய்ந்திருக்கும். பக்கத்து மாடு ஏறினால் விலகாமல் நிற்பதுதான் உறுதியான அடையாளம். காலையில் கண்டால் மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் ஊசி போட வேண்டும். சில மாடுகள் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. ஊமைப் பருவம் என்பார்கள். எருமையில் இது சகஜம். அதிகம் கறக்கும் பசுக்களிலும் பருவ அறிகுறி மங்கலாகவும் குறுகியதாகவும் இருக்கும்.

ஏன் அதிகம் கறக்கும் மாட்டில்? கன்று ஈன்றதும் பால் வேகமாக ஏறுகிறது. ஆறாவது, எட்டாவது வாரத்தில் உச்சத்தைத் தொடுகிறது. தின்னும் அளவு அதே வேகத்தில் ஏறுவதில்லை, பின்தங்கியே வருகிறது. இடையில் விழும் பள்ளத்தை நிரப்ப மாடு தன் உடம்பிலிருக்கும் கொழுப்பைக் கரைத்துப் பாலாகத் தருகிறது. இடுப்பெலும்பு துருத்தத் தொடங்கும், விலா தெரியும். இப்படி உடம்பு கரைந்துகொண்டிருக்கும் காலத்தில் சினைமுட்டை சரியாக முதிர்வதில்லை, பருவம் தள்ளிப்போகிறது, பிடித்த கருவும் நிலைப்பதில்லை. பாலை மட்டும் பார்த்துத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தால், உடம்பைக் கரைத்துப் பால் தரும் குணத்தையும் நமக்குத் தெரியாமலே சேர்த்துத் தேர்ந்தெடுக்கிறோம்.

உலகம் முழுக்க நடந்த பிழை

அமெரிக்காவில் நடந்தது இதுதான். 1960இல் அங்கே ஒரு பசுவின் ஆண்டுப் பால் சராசரி ஏறக்குறைய 3,200 கிலோ. 2000ஆம் ஆண்டில் அது 8,200 கிலோவைத் தாண்டியது. தீவனமும் பராமரிப்பும் மேம்பட்டது ஒரு காரணம். தேர்ந்த காளைகளின் உறைவிந்து நாடு முழுக்கப் பரவியது இன்னொரு காரணம். அதே நாற்பது ஆண்டில், நம்மூரில் ஹெச்.எஃப் என்று சொல்லும் ஹோல்ஸ்டீன் இனப் பசுக்களின் சினைப்பிடிப்பு படிப்படியாகச் சரிந்தது. காளையின் தரத்தை மகள்களின் பாலை வைத்து அளந்தார்கள். அந்த மகள்கள் எத்தனை நாளில் சினை பிடித்தார்கள் என்பதை அளக்கவில்லை. அளக்காத குணம் கண்ணெதிரிலேயே சரிந்தது.

'பானி ஃபார்ம் அர்லிண்டா சீஃப்' என்ற காளையின் கதை இதற்கு நல்ல சான்று. 1962இல் பிறந்தது. அதன் மகள்கள் கொடிகட்டிக் கறந்தன. விந்துக்கு ஏகப்பட்ட தேவை. 16,000 மகள்கள், ஐந்து லட்சம் பேத்திகள், இருபது லட்சத்துக்கு மேல் கொள்ளுப்பேத்திகள் என்று வம்சம் பெருகியது. அமெரிக்க ஹோல்ஸ்டீன் மரபணுத் தொகுப்பில் ஏறத்தாழ 14 விழுக்காடு இந்த ஒரு காளையிலிருந்து வந்தது. இந்தக் காளையின் ஒரு மரபணுவில் கோளாறு இருந்தது. ஒரு பிரதி மட்டும் கிடைத்த கன்றுக்கு ஒன்றும் ஆகாது. தாய் வழியிலும் தந்தை வழியிலும் அதே கோளாறு வந்து சேர்ந்தால் கரு வயிற்றிலேயே கலைந்துவிடும். விவசாயிக்குப் பல நேரம் அது கருச்சிதைவாகக்கூடத் தெரியாது. "ஊசி போட்டேன், நிக்கலை, மறுபடி கத்துது" என்றுதான் தெரியும்.

இதைக் கண்டுபிடித்த விதம் அழகானது. 2011இல் அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கான மாடுகளின் மரபணுப் பதிவுகளை அலசினார்கள். குறிப்பிட்ட ஒரு மரபணுத் துண்டு பல மாடுகளில் ஒற்றைப் பிரதியாக இருந்தது. கணக்குப்படி சில மாடுகளிலாவது இரட்டைப் பிரதி இருந்தாக வேண்டும். உயிரோடு இருந்த ஒரு மாட்டில்கூட இல்லை. இரட்டைப் பிரதி பெற்றவை பிறக்கவே இல்லை என்பதைத் தவிர அதற்கு வேறு விளக்கம் கிடையாது. பிறகு கோளாறு எந்த மரபணுவில் என்பதும் தெரிந்தது. 2016இல் வெளியான மதிப்பீட்டின்படி, 35 ஆண்டுகளில் உலகம் முழுவதும் ஏறக்குறைய 5,25,000 கருக்கள் இதனால் கலைந்தன. இழப்பு 42 கோடி டாலர். அதே காளையின் மரபணுவால் கூடுதலாகக் கிடைத்த பாலின் மதிப்பு 3,000 கோடி டாலர் என்பதும் அதே மதிப்பீட்டில் இருக்கிறது. காளை கெட்டது என்று சொல்ல வரவில்லை. ஒரே காளையை அளவுக்கு மீறி, அதுவும் ஒரே ஒரு குணத்துக்காகப் பயன்படுத்தினால் என்ன நடக்கும் என்பதைத்தான் சொல்கிறேன்.

இரத்தத்தில் வருமா, வளர்ப்பில் வருமா?

"சினை பிடிப்பதெல்லாம் தீவனமும் தாது உப்பும் சார்ந்த விஷயம், இதில் காளைக்கு என்ன வேலை?" என்று அனுபவம் உள்ளவர்களே கேட்பதுண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. மாட்டுக்கு மாடு காணும் வேறுபாட்டில் எவ்வளவு பங்கு பிறப்பு வழி வந்தது என்பதை மரபுத்திறன் என்ற அளவால் குறிப்பார்கள். பால் அளவுக்கு இது சுமார் 30 விழுக்காடு. சினைப்பிடிப்புக்கு 5 விழுக்காட்டுக்கும் கீழே. மீதியெல்லாம் தீவனம், வெயில், பருவம் பார்க்கும் கண், ஊசி போடும் கை, கருப்பை நோய்.

அதனால்தான் பல நாடுகளில் வளர்ப்பாளர்கள் நீண்ட காலம் இந்தக் குணத்தைக் கண்டுகொள்ளவில்லை. மரபுத்திறன் குறைவு என்றால் மரபு வேறுபாடே இல்லை என்று பொருள் கொண்டுவிட்டார்கள். வேறுபாடு இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. சுற்றுச்சூழலின் இரைச்சலில் அது அமுங்கிக் கிடக்கிறது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. ஒரு காளையின் ஒரு மகள் மூன்று ஊசிக்கும் நிற்கவில்லை என்றால் அது காளையின் குற்றமா, மே மாத வெயிலின் குற்றமா என்று சொல்ல முடியாது. அதே காளைக்கு வெவ்வேறு பண்ணைகளில் நூறு, இருநூறு மகள்கள் இருந்து, எல்லாருடைய ஊசித் தேதியும் ஈன்ற தேதியும் பதிவாகியிருந்தால், இரைச்சல் ஒன்றையொன்று சமன் செய்துவிடும். காளையின் பங்கு தெளிவாகத் தெரியும். நார்வே இதை 1970களிலேயே செய்யத் தொடங்கியது. நார்வே சிவப்பு மாடுகள் பாலும் கொடுத்துச் சினைப்பிடிப்புக்கும் பேர்போனவையாக இருப்பதற்கு அந்தப் பதிவேடுகள் முக்கியக் காரணம். அமெரிக்காவும் 2003இல் மகள்களின் சினைவீதத்தைக் காளை மதிப்பீட்டில் சேர்த்தது. அதன் பின் சரிவு நின்று ஏறத் தொடங்கியது.

தீவனத்தால் வரும் பலன் தீவனத்தை நிறுத்தினால் நின்றுவிடும். மரபில் வரும் பலன் மகளுக்கும் பேத்திக்கும் தொடரும். இரண்டும் வேண்டும் என்பேன். ஒன்றுக்காக மற்றதை விடச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

ரூபாயில் அளப்பது

பல குணங்கள் வேண்டும் என்றால் எதற்கு எவ்வளவு எடை கொடுப்பது? பால் கொஞ்சம் கூடுதலாகத் தரும் மகள்கள் உள்ள காளையா, பத்து நாள் முன்னதாகச் சினை பிடிக்கும் மகள்கள் உள்ள காளையா? இதற்கு அயர்லாந்து கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது.

அயர்லாந்தில் மாடுகள் புல்லை நம்பி இருப்பவை. பிப்ரவரி, மார்ச்சில் எல்லா மாடும் ஈன வேண்டும். அப்போதுதான் வசந்தப் புல் தழைக்கும் நேரமும் பால் பெருகும் நேரமும் ஒன்றாக அமையும். ஒரு மாடு ஆண்டுக்கொரு கன்று ஈனாவிட்டால் அந்த முறையிலேயே அதற்கு இடமில்லை. வட அமெரிக்க ஹோல்ஸ்டீன் விந்து பெருகிய பிறகு அங்கே பால் கூடியது, சினை தள்ளிப்போனது, நல்ல மாடுகளை மூன்றாம் ஈத்திலேயே கழிக்க வேண்டி வந்தது. 2001 வாக்கில் அவர்கள் பழைய பால் குறியீட்டை விட்டுவிட்டுப் பொருளாதார இனவிருத்திக் குறியீடு என்ற ஒன்றைக் கொண்டுவந்தார்கள். காளையின் ஒவ்வொரு குணமும் மகளின் ஒரு ஈத்துக்கு எத்தனை யூரோ லாபம் தரும் என்று கணக்கிட்டு, எல்லாவற்றையும் கூட்டி ஒரே தொகையாகச் சொல்லும் முறை அது. கன்று இடைவெளி, மந்தையில் மாடு நீடித்திருக்கும் காலம், சிரமமில்லாமல் ஈனுதல், மாட்டின் உடல் எடைக்குத் தேவைப்படும் தீவனம் எல்லாம் அதில் உண்டு.

இதில் ஒரு நுட்பம் கவனிக்க வேண்டியது. கொழுப்புக்கும் புரதத்துக்கும் அந்தக் குறியீட்டில் கூட்டல். பாலின் அளவுக்கு மட்டும் கழித்தல். தண்ணீரைச் சுமந்து செல்லவும் வற்றவைக்கவும் ஆலைக்குச் செலவு ஆகிறது, விலையிலும் அது கழிக்கப்படுகிறது. நம்மூர் சொசைட்டியிலும் கொழுப்பும் எஸ்.என்.எஃப்பும் (கொழுப்பு நீங்கிய திடப்பொருளும்) பார்த்துத்தான் பணம் போடுகிறார்கள். லிட்டரை மட்டும் துரத்துவது நமக்கும் முழு லாபம் இல்லை.

அயர்லாந்தின் மூர்பார்க் ஆய்வு மையத்தில் ஒரு சோதனை செய்தார்கள். பாலுக்கான மரபுத் தகுதி ஒரே மாதிரி, சினைப்பிடிப்புக்கான மரபுத் தகுதி மட்டும் வெவ்வேறு என இரு கூட்டம் மாடுகளைச் சேர்த்து ஒரே இடத்தில் ஒரே தீவனத்தில் வளர்த்தார்கள். சினைத் தகுதி உள்ள கூட்டம் சீக்கிரம் சினை பிடித்தது, உடம்பு கரையாமல் இருந்தது, பருவ அறிகுறியையும் பளிச்சென்று காட்டியது. பாலில் அது பின்தங்கவில்லை. பாலும் சினையும் ஒன்றுக்கொன்று பகை என்று பலரும் நம்பியிருந்ததைக் கொட்டகையிலேயே வைத்துப் பொய்யாக்கிய சோதனை இது. இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தால் இரண்டும் கிடைக்கும்.

நம் கொட்டகைக்கு வந்தால்

அயர்லாந்தின் காளைப் பட்டியலை அப்படியே எடுத்துவர முடியாது. நம் வெயில் வேறு, தீவனம் வேறு, இரண்டு மூன்று மாடு கட்டியிருப்பவர்தான் இங்கே பெரும்பான்மை. இங்கே முதலில் பார்க்க வேண்டியது அயல் இரத்தத்தின் அளவு. நாட்டுப் பசுவுக்கு ஜெர்சி அல்லது ஹெச்.எஃப் விந்து போட்டுப் பிறக்கும் முதல் தலைமுறைக் கிடேரியில் கலப்பின வீரியம் முழுதாக இருக்கும். சீக்கிரம் பருவத்துக்கு வரும், நன்றாகக் கறக்கும், சினையும் நிற்கும். அதைப் பார்த்து மகிழ்ந்து, அதற்கும் அதன் மகளுக்கும் சுத்த ஹெச்.எஃப் ஊசியே போட்டுக்கொண்டு போனால், அயல் இரத்தம் முக்கால் பங்கைத் தாண்டிவிடும். பால் ஓரளவு கூடும். கூடவே மூச்சிரைப்பும், உண்ணித் தொல்லையும், சினை நிற்காத சங்கடமும் கூடும். குளிர்ச்சியான கொட்டகை, பசுந்தீவனம், அடர்தீவனம் எல்லாம் நிறைவாக இருப்பவர் சமாளிப்பார். காய்ந்த சோளத்தட்டையும் வைக்கோலும் முக்கியத் தீவனமாக இருக்கும் மேட்டாங்காட்டில் பாதி அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அங்கே கலப்பினக் காளையின் விந்தைக் கேட்கலாம்; ஹெச்.எஃப்பைவிட உருவம் சிறுத்து, வெயில் தாங்கும் ஜெர்சிக் கலப்பும் பெரும்பாலும் பொருந்தும்.

அடுத்தது, எந்தக் காளை என்று கேட்கும் பழக்கம். திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் கிடக்கும் உறைவிந்துக் குச்சியை எடுத்து, வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம் வைத்து உருக்கித் துடைக்கும்போது பாருங்கள். மெல்லிய அந்தக் குழலின் மேலேயே காளையின் எண்ணும் இனமும், விந்து எடுத்த நிலையமும் தேதியும் அச்சிட்டிருக்கும். ஊசி போட்டு முடித்ததும் நம் ஆட்கள் அதைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். அந்த எண்ணை எழுதி வைத்துக்கொண்டால் இரண்டு காரியம் ஆகும். நாளைக்குப் பிறக்கும் கிடேரிக்கு அதன் தகப்பன் விந்தையே போட்டுவிடாமல் தவிர்க்கலாம். நெருங்கிய இரத்தம் சேர்வது சினைப்பிடிப்பைக் குலைக்கும் முதன்மையான காரணங்களில் ஒன்று. மகள்களின் பதிவை வைத்துத் தேர்ந்த, சந்ததிச் சோதனை முடிந்த காளையா என்றும் கால்நடை மருந்தகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

காதில் மாட்டும் 12 இலக்க மஞ்சள் தோட்டைக் கடன் வாங்கவும் காப்பீட்டுக்கும் மட்டும் என்று நினைக்கிறோம். ஊசி போட்ட தேதி, சினை பார்த்த முடிவு, ஈன்ற தேதி எல்லாம் அந்த எண்ணில் பதிவாக வேண்டும். இந்த நாட்டுக் காளைகளின் சினைத் தகுதியைக் கணக்கிட அதைவிட்டால் வேறு வழி இல்லை. 2024 அக்டோபரில் இந்திய மாடுகளுக்கென்றே 'கௌ சிப்' என்ற மரபணுச் சில்லு வெளியானது. பிறந்த கன்றின் இரத்தத் துளியிலிருந்தே அதன் தகுதியைக் கணிக்க உதவும் கருவி அது. வெளிநாடுகளில் 2009 முதல் இந்த முறை நடைமுறையில் இருக்கிறது. கருவி எவ்வளவு நுட்பமாக இருந்தாலும், மரபணுவோடு ஒப்பிட்டுப் பார்க்க உண்மையான மாடுகளின் உண்மையான தேதிகள் வேண்டும். ஊசி போட வருபவர் தேதியைத் தப்பாகவோ சேர்த்துவைத்தோ பதிந்தால், நாளைய காளைத் தேர்வும் தப்பாகும். பக்கத்தில் நின்று பதியச் சொல்லிக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

கிடேரியைக் கழிப்பதா வைப்பதா என்ற முடிவு முழுக்க நம் கையில் உள்ளது. அதிகம் கறந்த மாட்டின் கன்றைத்தான் எல்லாரும் வைத்துக்கொள்கிறார்கள். அந்தத் தாய் ஒவ்வொரு ஈத்திலும் நான்கைந்து ஊசிக்குப் பிறகே நின்றது என்றால் எனக்கு அந்தக் கன்று வேண்டாம். கொஞ்சம் குறைவாகக் கறந்தாலும் முதல் ஊசி, இரண்டாவது ஊசியில் நின்று, ஐந்தாறு ஈத்து தாண்டியும் கொட்டகையில் இருக்கும் மாட்டின் கிடேரியை வைத்துக்கொள்வேன். ஒரு தாயை வைத்து மட்டும் தீர்மானமாகச் சொல்ல முடியாது என்று மேலே பார்த்தோம். ஆனால் ஒரே மாடு பல ஈத்துகளில் திரும்பத் திரும்பக் காட்டும் குணத்துக்குச் சற்றே எடை அதிகம். பாட்டி, தாய், சித்தி எல்லாம் ஒழுங்காக ஈன்ற வம்சம் என்றால் இன்னும் நல்லது.

கிடேரிக் கன்றே பிறக்க வேண்டுமென்று இப்போது பாலினம் பிரித்த விந்தைப் பலர் கேட்கிறார்கள். அதில் உயிரணு எண்ணிக்கை குறைவு, பிரிக்கும்போது அவற்றுக்குக் கொஞ்சம் சேதமும் ஆகும். அதனால் சாதாரண விந்தைவிடச் சினை நிற்கும் வாய்ப்பு குறைவு. ஏற்கெனவே தள்ளிப் போய்க்கொண்டிருக்கும் மாட்டுக்கு அதைப் போட்டுப் பணத்தையும் மூன்று வாரத்தையும் விடாதீர்கள். உடம்பு தேறிய, பருவ அறிகுறி தெளிவாகக் காட்டும் கிடேரிக்கு முதல் ஊசியாகப் போடுங்கள். அதிலும் நின்ற மாடு, முதல் பருவத்திலேயே நிற்கும் தாயின் மகளாக இருந்தால் பிறக்கும் கன்றை விற்றுவிடாமல் வைத்துக்கொள்ளுங்கள்.